ஒரு வடிவம், இரு வரலாறு: சுவஸ்திகமும் ஒரு விளையாட்டுச் சீட்டும்

குறியீடொன்றின் பொருள் அதன் வடிவத்திலே உறைகின்றதா, அன்றி அதனைக் கையாளும் சமுதாயத்தின் வரலாற்றிலே உறைகின்றதா? 1999 ஆம் ஆண்டில் இவ்வினாவைச் சிறுவர் விளையாட்டுப் பொருளொன்று எழுப்பியது. யப்பானிய நிறுவனமாகிய நிந்தெண்டோவின் பொக்கிமொன் சீட்டுகளுள் ஒன்றில் சுவஸ்திக வடிவம் காணப்பட்டது. யப்பானியச் சந்தைக்கென அச்சிடப்பட்ட அச்சீட்டு, இறக்குமதி வழியாக ஐக்கிய அமெரிக்கச் சிறுவரின் கைகளை அடைந்தது. யூதர் தரப்பிலிருந்து முறைப்பாடு எழவே, நிறுவனம் அதன் உற்பத்தியை நிறுத்த உடன்பட்டது. யப்பானியர் 'மஞ்ஜி' என வழங்கும் அவ்வடிவம் அவர்தம் நாட்டுப்படங்களிற் பௌத்த ஆலயத்தைக் குறிப்பது. இரு சாராரும் கண்டது ஒரே கோட்டுருவம். அதில் அவர்கள் வாசித்தவையோ வெவ்வேறு வரலாறுகள்.

இவ்வடிவத்தின் தொன்மை ஐயத்துக்கு இடமற்றது. நலத்தைச் சுட்டும் வடமொழிச் சொல்லின் அடியாகப் பிறந்தது அதன் பெயர். சிந்துவெளி முத்திரைகளில் அது உண்டு. சமணர்க்கு அது ஏழாந் தீர்த்தங்கரரின் இலாஞ்சனை. இலங்கையிற் கந்தரோடை முதலிய இடங்களிற் கிடைத்த பண்டைய இலட்சுமி நாணயத் தகடுகளின் பின்புறத்திலும் அது பொறிக்கப்பட்டுள்ளது. கீழைத்தேயத்துக்கு மட்டும் உரியதெனவும் அதனைக் கூறவியலாது. வட அமெரிக்கப் பழங்குடிகளும் அதனைத் தம் நெசவிலும் கைவினையிலும் அமைத்தனர்.

இத்தகைய மங்கலக் குறி அச்சத்தின் குறியாக மாறியமை தற்செயலன்று. 1870 களில் திரோய் நகரை அகழ்ந்த சிலீமன் அங்கும் இவ்வடிவத்தைக் கண்டார். ஆரிய இனம் பற்றி அக்காலத்தில் வளர்ந்த கற்பனைகளோடு அது பிணைக்கப்பட்டது. 1920 இல் நாசிக் கட்சி அதனைத் தன் சின்னமாக்கியது. 1935 இல் அச்சின்னங் கொண்ட கொடியே ஜேர்மனியின் தேசியக் கொடியாயிற்று. இங்கு 1933 மே மாதச் சட்டமொன்று சிறப்பாக நோக்கற்பாலது. ஆட்சிக்கு வந்த சில மாதங்களுள், வணிகர் மலிவுப் பண்டங்களிலே தேசியச் சின்னங்களைப் பொறித்து விற்பதை நாசி அரசே தடைசெய்தது. சின்னத்தின் பொருள் தானாக நிலைப்பதன்று, காவல் செய்து நிலைநிறுத்தப்படுவது என்பதை அவ்வரசு நன்கறிந்திருந்தது. ஏறத்தாழ அறுபது இலட்சம் யூதர் கொல்லப்பட்டது அச்சின்னத்தின் கீழேயாம்.

இம்மாற்றத்தைப் பிறரும் உணர்ந்தனர். தம் நூல்களின் அட்டைகளில் இவ்வடிவத்தை நெடுங்காலம் இட்டுவந்த றட்யாட் கிப்ளிங், நாசிகளின் எழுச்சி கண்டு அதனை நீக்குவித்தார். 1940 இல் அரிசோனாவின் நவஹோ, ஹோப்பி முதலிய பழங்குடியினர், தம் முன்னோரின் நட்புக்குறியாக இருந்த அதனை இனித் தம் கைவினைகளிற் பயன்படுத்துவதில்லை என எழுத்து மூலம் அறிவித்தனர். போருக்குப் பிந்திய ஜேர்மனியில் நாசிச் சின்னங்களைக் காட்டுவது குற்றமாயிற்று. எனினும் கலை, ஆய்வு, கற்பித்தல் என்பவற்றுக்கு விலக்கு உண்டு. 2018 முதல் கணினி விளையாட்டுகளும் தனித்தனியே ஆராயப்பட்டு இவ்விலக்கைப் பெறலாயின.

பழைமையே உரிமை என வாதிப்போர் உளர். இடப்பக்கம் திரும்பியது வேறு, வலப்பக்கம் திரும்பியது வேறு எனச் சமாதானங் கூறுவோரும் உளர். இரண்டாவது வாதம் நிலைபெறாது. இந்துக்களிடையே பெருவழக்காயுள்ள வடிவமும் நாசிகளின் வடிவமும் வலப்பக்கம் திரும்பியவையே. முதல்வாதமோ பாதி உண்மை. ஒரு குறியின் ஆயிரக்கணக்கான ஆண்டு வாழ்வைப் பன்னிரண்டு ஆண்டு ஆட்சியொன்று அழித்துவிட இடமளிப்பது, அவ்வாட்சிக்கே வெற்றி தேடித்தருவதாகும். 2007 இல் ஐரோப்பிய ஒன்றியம் முழுவதிலும் இச்சின்னத்தைத் தடைசெய்யும் யோசனை எழுந்தபோது இந்து அமைப்புகள் எதிர்த்தமை நியாயமே. ஆயினும், உற்றாரை இழந்தவரின் நினைவை அறியாமை எனத் தள்ளுவதும் அறமன்று.

இவ்விரண்டுக்குமிடையே வழிகாட்டுவது சூழல் என்பதே எமது கருத்து. ஆலயக் கதவிலுள்ள குறி தன் விளக்கத்தைத் தன்னோடு கொண்டுள்ளது. மணியும் தூபமும் வழிபடுவோரும் அதற்கு உரையாவர். விளையாட்டுச் சீட்டோ கப்பலேறிச் செல்கையில் அவ்வுரையைத் துறைமுகத்திலேயே விட்டுச் செல்கின்றது. அதனை ஏந்தும் சிறுவன் விளக்கம் கூறவல்லவனல்லன். காணும் முதியவருக்கோ விளக்கம் கேட்கும் அமைதி இராது. ஆதலின் அமெரிக்காவில் அச்சீட்டு விலக்கப்பட்டமை தகும். யப்பானிலும் அதன் உற்பத்தி நின்றமை, ஒரு நாட்டின் துயரத்தை மற்றொரு நாட்டின் மொழிக்கு இலக்கணமாக்கியது போலாகும்.

உலகச் சந்தை பண்டங்களை விரைவாகக் கொண்டு செல்லும். அவற்றின் பொருளைக் கொண்டு செல்வதில்லை. அப்பணி வரலாறு கற்பவருக்கு உரியது. எமது வாயிற்படியில் மங்கலமாய் விளங்குவது பிறரொருவரின் வாயிற்படியில் மரண ஓலையாய் நின்றதை அறிந்த பின்னரும் அதனை வணங்கலாம். அறியாது வணங்குதலே தவறு.