குருவானவர் இல்லாத இருபத்தொன்பது ஆண்டுகள்



அண்மையில் ஒரு பெற்றோர் என்னிடம் ஒரு வினா எழுப்பினார். "பள்ளியில்தான் நன்னெறிக் கல்வி இருக்கிறதே! பிள்ளையை ஞாயிறு மறைக்கல்விக்கும் அன்பியக் கூட்டத்திற்கும் வேறு அனுப்ப வேண்டுமா? வீட்டிலேயே செபித்துக்கொண்டால் ஆகாதா?" எங்கள் கெப்பாலா பத்தாஸ் வட்டாரத்தில் இவ்வினா இன்று பல வீடுகளில் எழுகிறது. தோட்டப்புறத்தில் வாழ்ந்த காலத்தில் அண்டை வீட்டார் ஒன்றுகூடிச் செபமாலை சொல்வது இயல்பாக நடந்தது. இன்று குடும்பங்கள் தாமான்களில் சிதறி வாழ்கின்றன. கூடுவதற்கென்றே நேரம் ஒதுக்க வேண்டியுள்ளது.

ஆலயம் மூடப்பட்டால் விசுவாசிகள் என்ன ஆவார்கள்? இதற்கு நம் அருகிலேயே ஒரு சான்று உண்டு. அவசரகாலத்தில் (1948–1960) புக்கிட் மெர்தாஜாம் புனித அன்னம்மாள் ஆலயப் பகுதி 'கறுப்புப் பகுதி' ஆக்கப்பட்டு, மக்கள் செல்ல இயலாத இடமாயிற்று. ஆயினும் ஜூலை 26 திருவிழா அழியவில்லை. இதைவிட நீண்ட, கடுமையான சோதனையைத் தமிழ்க் கிறிஸ்தவர்கள் கண்ட இடம் யாழ்ப்பாணம். மலேசியத் தமிழர் பலருக்கு அது மூதாதையர் மண்ணும்கூட.

1658 ஜூன் மாதத்தில் யாழ்ப்பாணக் கோட்டை போர்த்துக்கீசியரிடமிருந்து டச்சுக்காரர் கைக்கு மாறியது. புதிய ஆட்சியாளர்களும் கிறிஸ்தவர்களே. ஆனால் சீர்திருத்த சபையினர். கத்தோலிக்கக் குருக்கள் நாடு கடத்தப்பட்டனர். அவர்களுக்கு அடைக்கலம் கொடுப்பது மரண தண்டனைக்குரிய குற்றமாக அறிவிக்கப்பட்டது. கிராமத்து ஆலயங்கள் கைப்பற்றப்பட்டுச் சீர்திருத்த சபையின் ஆலயங்களாகவும் பள்ளிகளாகவும் மாறின.

ஆசிரியர்களாகிய நாம் இங்கே சற்று நிற்க வேண்டும். டச்சுக்காரர் தம் சமயத்தைப் பரப்பப் பயன்படுத்திய முதன்மைக் கருவி பள்ளிக்கூடமே. பிள்ளைகள் வராவிட்டால் பெற்றோர் அபராதம் செலுத்த வேண்டும். ஞானஸ்நானம், திருமணம் ஆகியவற்றைப் பதியும் பொறுப்பும் பள்ளி ஆசிரியரிடமே இருந்தது. 'பாடசாலைத் தோம்பு' எனப்பட்ட அப்பதிவேட்டில் பெயர் இல்லாதவர் திருமண உரிமையிலும் சொத்துரிமையிலும் இடர்ப்பட்டனர். ஆகவே மக்கள் பெயரைக் கொடுத்தனர், பிள்ளைகளையும் அனுப்பினர். பிள்ளைகள் வினா விடை மனனம் செய்தனர். யாழ்ப்பாணத்தில் பணியாற்றிய பிலிப்பஸ் பால்தேயுஸ் என்னும் டச்சுப் போதகர் 1672இல் வெளியிட்ட நூலில் இந்த ஆலயங்களையும் பள்ளிகளையும் விரிவாக வருணித்துள்ளார். ஏற்பாட்டில் குறையொன்றும் இல்லை. என் பார்வையில், பள்ளி நிருவாகம் என்ற அளவில் அது மெச்சத்தக்கதே!

எனினும் அதே பிள்ளைகள் வீடு திரும்பியதும் வேறொரு பாடத்தைக் கேட்டனர். தாயும் பாட்டியும் தமிழில் செபங்களைச் சொல்லிக் கொடுத்தனர். ஊர் மூத்தோர் இரவில் கூடிச் செபித்தனர். மாந்தையிலிருந்த குடும்பங்கள் சில 1670 அளவில் தங்கள் மாதா சுரூபத்தைச் சுமந்துகொண்டு, டச்சு ஆட்சி எட்டாத வன்னிக் காட்டில் குடியேறியதாக மரபுச் செய்தி கூறுகிறது. அந்த இடமே இன்றைய மடு.

இருபத்தொன்பது ஆண்டுகள் கடந்தன. 1687இல், கோவாவைச் சேர்ந்த யோசேப்பு வாஸ் என்ற குருவானவர் தூத்துக்குடியிலிருந்து படகேறி, எளிய தொழிலாளியின் கோலத்தில் யாழ்ப்பாணம் வந்து சேர்ந்தார். வரும்போதே நோயில் விழுந்தார். கொங்கணியைத் தாய்மொழியாகக் கொண்ட அவர் தமிழைக் கற்றுக்கொண்டார். கத்தோலிக்கர் யாரென்று கேட்டறிய முடியாது; கேட்டால் கேட்டவருக்கும் ஆபத்து, சொன்னவருக்கும் ஆபத்து. எனவே கழுத்தில் செபமாலை அணிந்து வீடு வீடாகப் பிச்சை கேட்டார். அதைக் கண்டவர்களின் முகக்குறிப்பைக் கவனித்தார். ஒரு குடும்பம் மெல்ல வாய் திறந்தது; பிறகு இன்னொன்று. விரைவில் சில்லாலை என்ற ஊரே அவருக்குப் புகலிடமாயிற்று. ஒரு தலைமுறை முழுவதும் குருவானவரைக் கண்டறியாத ஊர் அது! அங்கிருந்து இரவில் புறப்பட்டுப் பிற ஊர்களிலும் திருப்பலி நிறைவேற்றினார்.

அதற்கு மக்கள் விலை கொடுத்தனர். 1689 கிறிஸ்துமஸ் இரவில் கூடியிருந்த ஏறத்தாழ 300 பேர் பிடிக்கப்பட்டனர். எட்டுப் பேருக்குக் கசையடி. அவர்களுள் ஒருவர் காயங்களால் இறந்தார். அவர்களில் ஒவ்வொருவரும் தத்தம் வீட்டில் தனியே செபித்திருந்தால் இந்தத் துன்பம் நேர்ந்திராது. இருந்தும் கூடினார்கள். அந்தப் பெற்றோரின் வினாவுக்கு இந்த இரவே போதிய விடை என்று எண்ணுகிறேன்.

யோசேப்பு வாஸ் பின்னர் கண்டி அரசுக்குச் சென்றார். அங்கே ஒற்றர் என ஐயுறப்பட்டுச் சிறைப்பட்டார். 1697இல் அம்மை நோய் பரவியபோது கைவிடப்பட்டவர்களைப் பேணினார். இவை பலரும் அறிந்தவை. நான் வியப்பது அவர் செய்த மற்றொரு ஏற்பாட்டை. ஊர்தோறும் மூப்பர், அண்ணாவி ஆகிய பொறுப்புகளைப் பொதுநிலையினரிடம் ஒப்படைத்தார். ஞாயிறு செபத்தை நடத்துதல், பிள்ளைகளுக்கு மறைக்கல்வி, சாகும் தறுவாயில் இருப்பவருக்குத் துணை நிற்றல், தேவைப்படின் ஞானஸ்நானம் கொடுத்தல் ஆகியவை அவர்கள் கடமை. குருவானவர் ஆண்டுக்கு ஒருமுறையே வர இயலும். எஞ்சிய நாள்களுக்கு ஊரே பொறுப்பு. 1705இல் வந்த ஜாக்கோமே கொன்சால்வெஸ் அடிகளார் தமிழிலும் சிங்களத்திலும் நூல்கள் எழுதி இவர்கள் கையில் கொடுத்தார். 1711 ஜனவரி 16இல் வாஸ் அடிகளார் கண்டியில் காலமானார்.

1796இல் டச்சு ஆட்சி முடிந்தது. 1806இல் ஆங்கிலேயர் கத்தோலிக்கர் மீதிருந்த தடைகளை நீக்கினர். தோம்புகளில் பெருந்தொகையாகப் பதிவாகியிருந்த சீர்திருத்த சபையினரோ, அபராதமும் சொத்துக் கட்டாயமும் விலகியபின் சில பத்தாண்டுகளுக்குள் ஏறத்தாழ மறைந்தே போயினர். சில்லாலை இன்றும் கத்தோலிக்க ஊர்.

காட்டுக்குள் சுமந்து செல்லப்பட்ட மடு மாதா சுரூபம், 2008 ஏப்ரலில் போரின் நடுவே மீண்டும் ஒருமுறை தேவன்பிட்டிக்குச் சுமந்து செல்லப்பட்டு, அவ்வாண்டு ஆகஸ்டில் திரும்பியது. 2015 ஜனவரி 14 அன்று கொழும்பு காலிமுகத் திடலில் யோசேப்பு வாஸைப் புனிதராக அறிவித்த அன்றைய திருத்தந்தை பிரான்சிஸ், அன்று பிற்பகலே மடுவுக்குச் சென்று அம்மக்களோடு செபித்தார்.