வசந்தகால ஒவ்வாமைக் கண் அழற்சி: குழந்தைகளின் கருவிழியில் நேரும் மாற்றங்கள்

வசந்தகால ஒவ்வாமைக் கண் அழற்சி குழந்தைகளுக்கு வரும் நாள்பட்ட கண் நோய். மருத்துவர்கள் இதை வி.கே.சி. என்பர். பெரும்பாலும் 10 வயதுக்குள் தொடங்கும், சிறுவர்களிடம் அதிகம். வெப்பநாடுகளில் பரவலாகக் காணப்படும் இந்நோய் இந்தியாவில் பலருக்கு ஆண்டு முழுவதும் நீடித்து, கோடையில் கடுமையாகிறது. பருவ வயதுக்குப் பின் பொதுவாகத் தணிந்துவிடும். அதற்குள் கருவிழியில் விழுந்த தழும்பு தானாக மறைவதில்லை.

அறிகுறிகள்
ஓயாத அரிப்பு, நூலாக இழுபடும் பீளை, கண்ணீர், வெளிச்சத்தில் கூச்சம். மேலிமையைத் திருப்பினால் உட்புறத்தில் நெருக்கமான முண்டுகள் தெரியும். கருவிழி விளிம்பு தடித்து, டிரான்டாஸ் புள்ளிகள் எனப்படும் வெண்புள்ளிகள் தோன்றலாம்.

கருவிழி மாற்றங்கள்
ஈசினோஃபில் என்னும் வெள்ளணுக்கள் வெளியிடும் புரதங்கள் கருவிழியின் மேல்தோலைச் சிதைக்கின்றன. இமையின் முண்டுகளும் உரசுகின்றன. முதலில் ஊசிமுனைப் புள்ளிகளாகத் தோல் உதிரும். அவை ஒன்றுசேர்ந்தால் கருவிழியின் மேற்பகுதியில் நீள்வட்டமான கேடயப் புண் உருவாகும். இதைக் கேமரன் என்னும் ஆய்வாளர் 1995இல் மூன்று நிலைகளாக வகுத்தார்: அடிப்பகுதி தெளிவாக உள்ள புண், படிவு சேர்ந்த புண், மேடாக எழும்பிய தகடு. தகடு படிந்தபின் சொட்டு மருந்தால் மட்டும் ஆறுவது கடினம். சுரண்டி எடுக்க வேண்டிவரும். தழும்பு பாவைக்கு நேரே அமைந்தால், சிறு குழந்தைக்குச் சோம்பல் கண் எனப்படும் பார்வைக் குறைபாடு ஏற்படலாம். கண்ணைக் கசக்கும் பழக்கம் கருவிழி மெலிந்து கூம்பாகும் கெரட்டோகோனஸ் நோயுடன் நெருங்கிய தொடர்புடையது. நெடுங்கால அழற்சி, மேல்தோலைப் புதுப்பிக்கும் விளிம்புக் குருத்தணுக்களையும் அழிக்கக்கூடும்.

சிகிச்சை
குளிர்ந்த ஒத்தடம், செயற்கைக் கண்ணீர், ஓலோபடடின் போன்ற ஒவ்வாமை எதிர்ப்புச் சொட்டுகள் அடிப்படை. கடுமையான கட்டத்தில் ஸ்டீராய்டு சொட்டு குறுகிய காலத்துக்குத் தரப்படும். நீண்டகாலக் கட்டுப்பாட்டுக்குச் சைக்ளோஸ்போரின், டாக்ரோலிமஸ் பயன்படுகின்றன. பழைய மருந்துச்சீட்டைக் காட்டி மெடிக்கலில் ஸ்டீராய்டு வாங்கித் தொடர்ந்து விடுவது ஆபத்து. அரிப்பு அடங்கும், ஆனால் வலியே இல்லாமல் கண் அழுத்தம் ஏறி பார்வை நரம்பு பழுதாகலாம், கண்புரையும் வரலாம். நரம்பில் இழந்த பார்வை திரும்பாது.

சென்னை மேற்குப் புறநகரில்
அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லிப் பகுதியினருக்கு நூம்பலில் 2017இல் தொடங்கப்பட்ட அரவிந்த் கண் மருத்துவமனை அருகிலுள்ளது. 1819இல் தோன்றிய எழும்பூர் அரசு கண் மருத்துவமனை பொதுத்துறையின் மூத்த நிறுவனம். பிளவு விளக்குச் சோதனை, கண் அழுத்த அளவீடு, கருவிழி வரைபடம் ஆகியவை தேவைக்கேற்பச் செய்யப்படும். எழுத்துப் பலகையைச் சரியாக வாசிக்கும் குழந்தைக்கும் இந்நோய் இருக்கலாம். ஆகவே பள்ளிக் கண் பரிசோதனையில் பார்வை அளவோடு, குழந்தை அடிக்கடி கண்ணைக் கசக்குகிறதா என்றும் கேட்க வேண்டும். வெளிச்சத்தில் கண்ணைத் திறக்கவே முடியாத நிலை வந்தால் அன்றே மருத்துவரிடம் காட்டுவது அவசியம்.