கெர்னலும் தறியும்: 386 முதல் சக்தி வரை



குமாரபாளையத்தில் படித்த யாருக்கும் விசைத்தறிச் சத்தம் காதை விட்டுப் போகாது. 80-ம் நம்பர் நூலுக்குப் போட்ட அச்சில் 20-ம் நம்பர் நூலை ஓட்ட முடியுமா? தறிக்காரர் சிரித்துவிடுவார். கம்ப்யூட்டரிலும் அதே கதைதான். எந்தப் பிராசசருக்கு என்று முதலிலேயே முடிவு செய்துதான் கெர்னலைக் கட்ட வேண்டும். அந்த முடிவுக்கும் ஒரு சரித்திரம் உண்டு.

ஒரே பிராசசர் காலம்

1991-ல் ஹெல்சிங்கி மாணவர் லினஸ் டோர்வால்ட்ஸ் லினக்ஸை எழுதியது இன்டெல் 386-க்காக மட்டுமே. பிராசசரைத் தேர்வு செய்யும் பேச்சுக்கே அப்போது இடமில்லை. 1995 மார்ச்சில் வந்த 1.2 பதிப்பில் ஆல்ஃபா, ஸ்பார்க், மிப்ஸ் என்று வேறு குடும்பங்களும் சேர்ந்தன. ஒவ்வொன்றுக்கும் தனி டைரக்டரி. எது வேண்டும் என்று கட்டுகிறவர் சொல்ல வேண்டும்.

ஒரே குடும்பத்துக்குள்ளும் பிரிவு உண்டு. 386, 486, 586, 686 என்று பட்டியல் நீளும். 686 என்று தேர்ந்தெடுத்தால் 'சி-மூவ்' போன்ற புதுக் கட்டளைகள் உள்ளே வரும். அந்தக் கெர்னலைப் பழைய பென்டியத்தில் போட்டால் கட்டளை புரியாமல் நின்றுவிடும். 386 என்று கட்டினால் எல்லா மெஷினிலும் ஓடும். ஆனால் புது மெஷினின் முழு பலம் கிடைக்காது. நாங்கள் படித்த காலத்தில் ஹாஸ்டலில் ராத்திரி கம்பைல் போட்டுவிட்டுத் தூங்குவோம்; நடுவில் கரண்ட் போனால் மறுபடி முதலிலிருந்து! ஆகவே மெனுவில் அந்த ஒரு வரியை நாலு தடவை பார்ப்போம்.

2013 பிப்ரவரியில் வந்த 3.8 பதிப்பில் 386 ஆதரவே நீக்கப்பட்டது. 486-ல் வந்த சில கட்டளைகள் அதில் இல்லாததால், அதற்கென்று தனி வேலை செய்ய வேண்டியிருந்தது. லினக்ஸ் பிறந்த வீட்டுக்கே கதவு சாத்தப்பட்டது!

நம்ம ஊர் சிப்

2010-ல் கலிபோர்னியாவின் பெர்க்லியில் தொடங்கியது ரிஸ்க்-ஃபைவ். இதன் கட்டளைத் தொகுப்பை யாரும் உரிமத்தொகை இல்லாமல் பயன்படுத்தலாம். இதை வைத்துத்தான் சென்னை ஐ.ஐ.டி.யில் பேராசிரியர் காமகோடி குழுவினர் 'சக்தி' பிராசசரை வடிவமைத்தார்கள். 2018 ஜனவரியில் லினக்ஸ் 4.15-ல் ரிஸ்க்-ஃபைவ் ஆதரவு சேர்ந்தது. அதே ஆண்டு, அமெரிக்காவின் ஒரிகனில் இன்டெல் ஆலையில் 22 நானோமீட்டரில் தயாரான 'ரைஸ்கிரீக்' சிப்பில் லினக்ஸ் பூட் ஆனது. அடுத்து சண்டிகரிலேயே 180 நானோமீட்டரில் ஒரு சிப் தயாரானது.

இங்கே செட்டிங் எழுத்துக் கணக்கு. 'ஐ' அடிப்படை, 'எம்' பெருக்கல் வகுத்தல், 'ஏ' அட்டாமிக், 'எஃப்', 'டி' தசமக் கணக்கு, 'சி' சுருக்கிய கட்டளைகள். சிப்பில் 'சி' இல்லாமல் கெர்னலில் 'சி' போட்டால், திரையில் ஒரு வரிகூட வராது. சிப் கெட்டுவிட்டது என்று நாள் கணக்கில் தேடுவார்கள். தப்பு மெனுவில் இருக்கும்!

தம்பி தங்கைகளே, 386-க்கு வழியை அடைத்ததும், சக்திக்கு வழியைத் திறந்ததும் இந்த மெனுதான். முன்பு அடுத்தவர் செய்த சிப்பின் பெயரைப் பட்டியலில் தேடினோம். இன்று சிப்பையும் நாமே வடிவமைக்கலாம், அதற்கான வரியையும் நாமே எழுதலாம். சோர்ஸ் கோட் இலவசம். லேபில் ஒரு பழைய மெஷின் போதும். இன்றைக்கே ஆரம்பியுங்கள். அடுத்த மலரில் உங்கள் கட்டுரை வரட்டும்!