குறி சிதறும் நெடுந்தொலைவு வேட்டைத் துப்பாக்கியில் குழல் மாற்றம்: காரணம் காணலும் செயல்முறையும்

1. ஆய்வின் எல்லை

அமெரிக்காவின் மொன்டானா, வயோமிங், ஐடஹோ போன்ற மேற்கு மாநிலங்களில் இலையுதிர்காலம் எல்க் மான் வேட்டைக்குரிய பருவம். அங்கே பள்ளத்தாக்கின் ஒரு சரிவில் நின்று எதிர்ச்சரிவில் மேயும் விலங்கைச் சுடவேண்டிய நிலை அடிக்கடி வரும். இடைவெளி 400 கஜம் இருக்கலாம், 600 கஜமும் இருக்கலாம். இத்தகைய வேட்டைக்கென்றே வளர்ந்த துப்பாக்கி வகைகளுள் ஒன்றை இக்கட்டுரை மாதிரியாகக் கொள்கிறது. அது 1962இல் சந்தைக்கு வந்த ரெமிங்டன் 700. அதே ஆண்டில் அதனுடன் அறிமுகமான 7 மி.மீ. ரெமிங்டன் மேக்னம் தோட்டாவுக்கு அமைந்தது.

இத்தகைய துப்பாக்கி குறி சிதறத் தொடங்கியதும் பலரும் முதலில் பழிப்பது குழலைத்தான். அது பல நேரங்களில் தவறான தீர்ப்பு என்பது என் கருத்து. பிற உறுப்புகளை ஒவ்வொன்றாகச் சோதித்து விலக்கிய பிறகே குழல் மாற்றத்துக்குப் போகவேண்டும். அப்படிச் சோதித்துக் குழலே காரணம் என்று தெளிந்துவிட்டால், அதற்குமேல் தோட்டாக்களை மாற்றி மாற்றிப் பார்த்துக் காலம் கடத்துவதில் பயனில்லை. அந்தத் துப்பாக்கியால் காயம்பட்டுக் காட்டுக்குள் ஓடி, நாட்கணக்கில் துடித்துச் சாகும் விலங்கை நினைத்தால் இது சிறிய விஷயமல்ல என்பது விளங்கும்.

2. துல்லியத்தை அளத்தல்

துல்லியத்தைக் கோண நிமிடத்தில் சொல்வது வழக்கம். ஒரு பாகையில் அறுபதில் ஒரு பங்கு ஒரு நிமிடம். 100 கஜத்தில் அது 1.047 அங்குலம், 600 கஜத்தில் ஏறத்தாழ 6.3 அங்குலம். எல்க் மானின் இதயமும் நுரையீரலும் அடங்கிய பரப்பு ஏறக்குறைய ஓரடி குறுக்களவு கொண்டது. இரண்டு நிமிடச் சிதறல் உள்ள துப்பாக்கி 600 கஜத்தில் பன்னிரண்டரை அங்குலம் சிதறும். அதாவது காற்றும் சுடுபவர் கையின் நடுக்கமும் கணக்கில் சேர்வதற்கு முன்பே அந்தப் பரப்பு முழுவதையும் துப்பாக்கி ஒன்றே தின்றுவிடுகிறது. மணிக்கு 10 மைல் வேகத்தில் குறுக்கே வீசும் காற்றோ அத்தொலைவில் குண்டை ஓரடிக்கு மேல் ஒதுக்கும்.

அளக்கும் முறையில்தான் பெரும்பிழை நிகழ்கிறது. மூன்று குண்டுகள் சுட்டு, தாளில் ஒன்றுக்கொன்று மிகத் தள்ளி விழுந்த இரண்டு துளைகளுக்கு இடையே அளவுகோலை வைத்து, அதையே துப்பாக்கியின் தகுதி என்று கொள்வது பெருவழக்கம். சிதறல் முற்றிலும் தற்செயலானது என்று கொண்டால், ஒரே துப்பாக்கி தரும் மூன்று குண்டுக் கூட்டத்தின் சராசரி அகலம் திட்ட விலக்கத்தைப் போல் 2.4 மடங்கு. ஐந்து குண்டுக்கு 3.1 மடங்கு, பத்துக்கு 3.8 மடங்கு, இருபதுக்கு 4.5 மடங்கு. எனவே மூன்று குண்டில் ஓர் அங்குலம் காட்டும் துப்பாக்கி, எதுவும் கெடாமலேயே, பத்துக் குண்டில் ஒன்றரை அங்குலத்துக்குச் சற்று மேல் காட்டும். தவிரவும் மூன்று குண்டுக் கூட்டம் தன் சராசரியிலிருந்து மூன்றில் ஒரு பங்குக்கு மேல் ஏறி இறங்குவது இயல்பு. நேற்று 0.6 அங்குலம், இன்று 1.4 அங்குலம் என்றால் துப்பாக்கி கெட்டுப்போனதாகப் பொருளில்லை. நல்ல குழல்கள் பல இந்தக் கணக்கு தெரியாமலேயே கழற்றி எறியப்படுகின்றன.

ஆகவே தீர்ப்புக்கு அடிப்படை பத்துக் குண்டுக் கூட்டமாக இருக்கவேண்டும். வெவ்வேறு நாட்களில் இரண்டு கூட்டங்களாவது சுடவேண்டும். மெல்லிய வேட்டைக் குழல் எளிதில் சூடாகும் என்பதால் இடையிடையே ஆறவிடுவது முறை. வேட்டைக்குக் குறிப்பாக வேண்டிய சோதனை இன்னொன்று உண்டு. குளிர்ந்த குழலிலிருந்து புறப்படும் முதல் குண்டுகளை மட்டும் பல நாட்களில் ஒரே தாளில் சேர்த்துவருவது அது. காட்டில் கிடைப்பது பெரும்பாலும் அந்த ஒரு வாய்ப்புதான்.

3. குழலுக்கு முன் ஐயுற வேண்டியவை

முதலில் ஸ்கோப்பும் அதைத் தாங்கும் வளையங்களும். வளையத் திருகு தளர்ந்திருந்தாலோ, ஸ்கோப்பின் உள்ளே குறுக்கிழை நகர்ந்தாலோ, துளைகள் இரண்டு கொத்துகளாகப் பிரிந்து விழும். நம்பகமான வேறொரு ஸ்கோப்பை மாட்டிச் சுட்டுப் பார்ப்பதைவிட எளிய சோதனை இல்லை.

அடுத்தது கட்டை. குழல் திருகப்படும் உலோக உடலான ரிசீவரைக் கட்டையோடு பிணைக்கும் திருகுகள் சீரான முறுக்கு விசையில் இறுகியிருக்கவேண்டும். குழலுக்கும் கட்டைக்கும் நடுவே ஒரு தாள் தடையின்றி முன்னும் பின்னும் ஓடவேண்டும். மரக்கட்டை ஈரம் குடித்தால் உப்பும். வறண்ட கோடையில் விலகி நின்ற குழலை மழைக்காலத்தில் ஒரு பக்கமாகத் தள்ளும். குழல் சூடாக ஆக, துளைகள் ஒரே திசையில் நடந்துபோவது கட்டை தொடுவதற்கான அடையாளம். குழலின் எஃகில் தங்கிவிட்ட உள்ளிறுக்கமும் இதே அடையாளத்தைக் காட்டுவதால், கட்டையைச் சுரண்டி இடைவெளி உண்டாக்கிவிட்டு மறுபடி சுட்டால்தான் இரண்டில் எது என்பது தெளியும்.

மூன்றாவது குழல்வாய். குண்டு குழலை விட்டு விலகும் கணத்தில் பின்னாலிருந்து பீறிடும் வளி அதன் அடிப்பாகத்தைச் சுற்றிலும் ஒரே சமயத்தில் கடந்தாகவேண்டும். வாய்விளிம்பில் ஒரு பக்கம் நெளிந்திருந்தால் வளி அவ்வழியே முந்திக்கொண்டு குண்டைச் சாய்த்துவிடும். அமெரிக்க மருத்துவரான ஃபிராங்க்ளின் மான் குண்டுகள் ஏன் ஒரே துளையில் விழுவதில்லை என்ற கேள்வியைப் பல ஆண்டுகள் துருவி, 1909இல் அதை நூலாக வெளியிட்டார். அசையாத கான்கிரீட் தூணில் குழலை நிறுத்தி, குண்டுகளை வேண்டுமென்றே சிதைத்துச் சுட்டுப் பார்த்தவர் அவர். குண்டின் மூக்குச் சிதைந்தால் வரும் கேட்டைவிட அடிப்பாகம் சிதைந்தால் வரும் கேடு மிகப்பெரிது என்பது அவர் சோதனைகளில் வெளிப்பட்டது. வாய்விளிம்பை லேத்தில் புதிதாகச் சீவிவிட்டாலே சில துப்பாக்கிகள் பழைய நிலைக்குத் திரும்பிவிடும். செலவும் புதுக்குழலோடு ஒப்பிடச் சொற்பம்.

குழலுக்குள் படிந்த செம்பையும் கரியையும் முழுவதும் நீக்கிப் பார்ப்பது, வேறு வகைத் தோட்டாக்களைச் சோதிப்பது ஆகியவை பலரும் அறிந்தவை, விரிக்க வேண்டியதில்லை.

4. குழல் அழியும் விதம்

குழல் முதலில் அழிவது வாயில் அல்ல, தொண்டையில். அதாவது தோட்டா அமரும் அறை முடிந்து, குண்டைச் சுழலவைக்கும் புரிகள் தொடங்கும் இடத்தில். 7 மி.மீ. ரெமிங்டன் மேக்னத்துக்கு வகுக்கப்பட்ட உச்ச அழுத்தம் சதுர அங்குலத்துக்கு 61,000 பவுண்டு. அந்த அழுத்தத்தில் எரிவளி தொண்டையைத் தாக்கும்போது எஃகின் மேல்தோல் ஒரு நொடியின் சிறு பகுதிக்குள் கடுஞ்சூடாகி உடனே குளிர்கிறது. எரிவளியிலுள்ள கரியும் நைட்ரஜனும் அத்தோலுக்குள் ஊடுருவி அதை நொறுங்கும் தன்மையுள்ளதாக்குகின்றன. பின்பு வெடிப்புகள் வலைபோல் பரவுகின்றன. வெடிப்புகளின் விளிம்புகள் பெயர்ந்து விழுகின்றன. புரிகளின் தொடக்கம் மெல்ல மெல்ல முன்னே நகர, குண்டு பிடிமானமில்லாமல் தாவிப்போய்ச் சாய்வாகப் புரியில் நுழைகிறது.

தேய்வின் வேகத்தை முடிவுசெய்வது குழல்துளையின் பரப்புக்கும் எரிமருந்தின் அளவுக்கும் உள்ள விகிதம். .308 வின்செஸ்டர் தோட்டாவுக்கான குழல் ஏறத்தாழ 5,000 குண்டு தாங்கும் என்பது சுடுவோர் பட்டறிவு. 7 மி.மீ. மேக்னம் அதில் பாதியைக்கூட எட்டாது. சிறு துளையில் பெருமருந்தை எரிக்கும் .264 வின்செஸ்டர் மேக்னமோ ஆயிரத்தை ஒட்டியே தளர்ந்துவிடும் என்று பெயரெடுத்தது.

இதிலிருந்து ஒரு முடிவு கிடைக்கிறது. ஆண்டுக்கு இரண்டு பெட்டித் தோட்டா, அதாவது 40 குண்டு சுடும் வேட்டைக்காரர் மேக்னக் குழலைத் தேய்த்து அழிக்க முப்பது ஆண்டுக்கு மேலாகும். ஆகவே குறைவாகச் சுடப்பட்ட துப்பாக்கி சிதறினால், அது பிறவியிலேயே குறையுள்ள குழலாக இருக்கலாம். துருவோ துப்புரவுக் கம்பியின் உராய்வோ கெடுத்ததாக இருக்கலாம். தேய்வு என்று சொல்ல இடமில்லை. மாறாக, நெடுந்தொலைவுப் பயிற்சிக்கென்று ஒவ்வொரு வாரமும் சுடுபவரின் குழல் மூன்று நான்கு ஆண்டுகளில் உண்மையாகவே செத்துவிடும். எத்தனை குண்டு சுடப்பட்டது என்ற கணக்கு இல்லாமல் காரணம் காணப் புகுவது வீண்.

குழலுக்குள் செலுத்திப் பார்க்கும் நுண்காட்டிக் கருவி இன்று எளிதாகக் கிடைக்கிறது. அதன் திரையில் தொண்டை வறண்ட ஏரிப்படுகை போல் வெடித்துத் தெரியும். ஆனால் அந்தக் காட்சி மட்டும் சான்றாகாது. பார்வைக்கு அருவருப்பான குழல்கள் பல தாளில் அருமையாகச் சுடுகின்றன. தாள் சொல்வதே இறுதி.

5. குழலைத் தேர்தல்

குழலுக்குள் புரி அமைக்கும் முறைகளுள் மூன்று முதன்மையானவை. சிறிய வெட்டுளியை ஒவ்வொரு முறையும் அங்குலத்தில் பத்தாயிரத்தில் ஒரு பங்கு ஆழமே சீவுமாறு இழுத்து, நூற்றுக்கணக்கான இழுப்புகளில் புரி எடுப்பது மிகப் பழைய முறை, மெதுவானது. எஃகுக்குள் இறுக்கத்தை மிகக் குறைவாகவே சேர்ப்பது அதன் சிறப்பு. இரண்டாவதில், புரி செதுக்கிய கார்பைடு குமிழ் ஒன்றைத் துளைவழியே ஒரே வீச்சில் இழுக்கிறார்கள். உலோகம் வெட்டப்படாமல் ஒதுங்குகிறது. மூன்றாவதில், புரி வடிவம் கொண்ட அச்சுக்கோலைத் துளைக்குள் வைத்து வெளியிலிருந்து சம்மட்டிகளால் அடிக்கிறார்கள். இரண்டாம் உலகப்போர்க்கால ஜெர்மனியில் இயந்திரத் துப்பாக்கிக் குழல்களைப் பெருமளவில் செய்யும் தேவையால் வேரூன்றிய முறை இது, பெருந்தொழிற்சாலைகளுக்கு உகந்தது. பின்னிரண்டு முறைகளிலும் உள்ளிறுக்கம் தங்கும். வெப்பமூட்டி அதைத் தணிக்காமல் வெளிப்புறத்தைக் கடைந்தால் துளையின் அளவு இடத்துக்கிடம் மாறிவிடும். எந்த முறையும் தன்னளவில் உயர்ந்ததோ தாழ்ந்ததோ அல்ல. துளையைக் கையால் மெருகேற்றி, நீளம் முழுவதும் அளந்து விற்கும் தயாரிப்பாளரின் கவனமே விலையில் சேர்கிறது.

எடை குறித்து ஒரு சொல். தடித்த குழல் மெதுவாகச் சூடாகும், குறைவாக அதிரும்; ஆனால் மலையேறுபவர் தோளில் அது கூடுதல் சுமை. கறைபடா எஃகில் செய்த மெல்லிய குழல்களைக் கடுங்குளிரில் பயன்படுத்துவது பற்றி எச்சரிக்கும் தயாரிப்பாளர்களும் உண்டு. மலைவேட்டைக்காரர் அதைக் கேட்டறிவது நல்லது.

6. முறுக்கு விகிதம்: மாற்றத்தின் மெய்யான ஆதாயம்

குழல் மாற்றுபவர்கள் பலர் பழைய அளவையே மறுபடி கேட்டு வாங்குகிறார்கள். நல்லதொரு வாய்ப்பு அதில் வீணாகிறது. புரி ஒரு முழுச்சுற்றுச் சுற்ற எத்தனை அங்குலம் ஆகிறது என்பதே எந்த நீளக் குண்டு நிலையாகப் பறக்கும் என்பதைத் தீர்மானிக்கிறது. பிரிட்டிஷ் கணிதவியலர் ஜார்ஜ் கிரீன்ஹில் 1879இல் தந்த எளிய விதி இன்றும் முதல் மதிப்பீட்டுக்குப் பயன்படும்: குண்டின் விட்டத்தின் வர்க்கத்தை 150ஆல் பெருக்கி, குண்டின் நீளத்தால் வகுக்க வேண்டும். 7 மி.மீ. குண்டின் விட்டம் 0.284 அங்குலம். நீளம் 1.25 அங்குலமானால் விடை 9.7, நீளம் 1.5 ஆனால் 8.1. ஒன்பதரை அங்குல முறுக்கு 7 மி.மீ. மேக்னத்துக்கு ஏன் வழக்கமாயிற்று என்பதும், இன்றைய நீண்ட, காற்றைக் கிழிக்கும் குண்டுகளுக்கு எட்டங்குல முறுக்கு ஏன் கேட்கப்படுகிறது என்பதும் இந்த இரண்டு எண்களிலேயே தெரிகின்றன.

இதைப் புறக்கணித்ததன் விலையை ரெமிங்டன் நிறுவனமே கொடுத்தது. 1955இல் வின்செஸ்டர் .243 தோட்டாவையும் ரெமிங்டன் .244 தோட்டாவையும் கொண்டுவந்தன. ரெமிங்டன் பன்னிரண்டு அங்குல முறுக்கைத் தேர்ந்தது. 90 கிரெய்ன் குண்டுவரை ஏற்றது. வின்செஸ்டரின் பத்தங்குல முறுக்கு 100 கிரெய்னைத் தாங்கியது. சிறு விலங்குக்கும் மானுக்கும் ஒரே துப்பாக்கி போதும் என்று விரும்பியவர்கள் .243ஐ வாங்கினர். 1963இல் ரெமிங்டன் அதே தோட்டாவுக்கு 6 மி.மீ. ரெமிங்டன் என்று பெயர் மாற்றி, ஒன்பதங்குல முறுக்கோடு விற்றது. அதற்குள் சந்தை கைநழுவிவிட்டது.

7. பொருத்துதல்

பழைய குழல் எளிதில் வராது. குழலைப் பிடிகருவியில் இறுக்கி, ரிசீவருக்குள் நெம்புகோல் செலுத்தித் திருப்பும்போது, ஆண்டுக்கணக்காக இறுகியிருந்த மரை சட்டென்று ஓர் ஒலியோடு விடும். அப்போது வெளிப்படும் ரிசீவரின் முகப்பை அச்சுக்குச் செங்குத்தாக இருக்கிறதா என்று அளப்பதுதான் இந்த வேலை முழுவதிலும் முக்கியமான கட்டம். முகப்பு சாய்ந்திருந்தால் எத்தனை விலையுயர்ந்த குழலும் சாய்ந்தே உட்காரும். மரையை அச்சோடு இசையுமாறு மறுபடி கடைவது, அறையை மூடும் போல்ட்டின் இரு பற்களும் சமமாகத் தாங்குமாறு தேய்ப்பது, குழலுக்கும் ரிசீவருக்கும் இடையே நிற்கும் உதைத்தகட்டின் இரு பரப்புகளும் இணையாகுமாறு சாணை பிடிப்பது எல்லாம் இந்தக் கட்டத்தில் முடியவேண்டும். தொழிற்சாலைக் குழலோடு சிதறிய துப்பாக்கிகள் சிலவற்றில் உண்மையான குற்றம் இங்கேதான் இருந்திருக்கும். குழலைக் கழற்றாமல் அது கண்ணில் படாது.

அறை குடைவதில் கம்மியரின் கை தெரியும். குழல்துளை எப்போதும் வெளிப்புறத்தோடு ஒரே மையத்தில் இருப்பதில்லை; ஆகவே லேத்தில் வெளிப்புறத்தைப் பிடிக்காமல், துளையையே டயல் அளவியால் மையப்படுத்தவேண்டும். பிறகு ரீமரைச் சிறிது சிறிதாகச் செலுத்தி, சீவலை வெளியே துடைத்து, எண்ணெய் ஊற்றி மறுபடி செலுத்துவார்கள். போல்ட் முகப்புக்கும் தோட்டா அறைக்குள் நிற்கும் இடத்துக்கும் உள்ள தொலைவான ஹெட்ஸ்பேஸ் இரண்டு உரைகோல்களால் சோதிக்கப்படும்: ஒன்றின்மேல் போல்ட் மூடவேண்டும், மற்றதன்மேல் மூடக்கூடாது. இது கூடினால் தோட்டா உறை அடிப்பக்கத்தை ஒட்டி அறுந்து எரிவளி சுடுபவர் முகத்தை நோக்கி வரக்கூடும். துல்லியத்தில் சமரசம் செய்யலாம், இதில் கூடாது.

1958இல் வந்த சாவேஜ் 110 இந்தச் சிக்கலை வேறு வழியில் தீர்த்தது. அதன் குழலை ஒரு பூட்டுநட்டு பிடிக்கிறது. உரைகோலை அறைக்குள் வைத்து, குழலை அது தொடும்வரை திருகி, நட்டை இறுக்கினால் ஹெட்ஸ்பேஸ் அமைந்துவிடும். அறை குடைந்தே வரும் குழல்களை வீட்டுப் பட்டறையிலேயே மாற்றும் பழக்கம் அமெரிக்காவில் பரவ அந்த நட்டு பெருங்காரணம்.

8. சட்டம்

அமெரிக்காவின் 1968ஆம் ஆண்டுச் சட்டப்படி வரிசை எண் தாங்கிய ரிசீவரே துப்பாக்கி. குழல் வெறும் உதிரிப்பாகம். பிரிட்டனில் நிலை வேறு. அங்கே குழல் உரிமத்துக்கு உட்பட்ட உறுப்பு. புதுக்குழல் பொருத்திய துப்பாக்கியை விற்குமுன் லண்டன் அல்லது பர்மிங்காம் சோதனைக்கூடத்தில் மிகையழுத்தத் தோட்டாவால் சுட்டு முத்திரை பெறவேண்டும். இந்தியாவில் 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி இன்று பொழுதுபோக்கு வேட்டைக்கே இடமில்லை. இங்கே இந்த அறிவு இலக்குச் சுடுதல் விளையாட்டோடு நின்றுவிடும்.

9. மாற்றத்துக்குப் பின்

புதுக்குழலின் குண்டுவேகம் பெரும்பாலும் முதல் நூறு, இருநூறு குண்டுகளில் சற்றே ஏறி நிலைபெறும். அதற்கு முன் நெடுந்தொலைவு அட்டவணை எழுதினால் 600 கஜத்தில் குண்டு மேலே போகும். வேகம் நிலைபெற்ற பிறகு, பழைய குழலைச் சோதித்த அதே முறையில், அதே ஆறவிடும் இடைவெளியில் பத்துக் குண்டுக் கூட்டங்களை மறுபடி சுடவேண்டும். இரண்டு குழல்களின் தாள்களையும் அருகருகே வைத்துப் பார்க்கும்போது சிதறல் குறைந்திருந்தால் குழல் மாற்றம் சரி. குறையாவிட்டால் மூன்றாம் பிரிவில் சொன்னவற்றுக்கே திரும்பவேண்டும். அதுவரை பழைய குழலை எண்ணெய் தடவிப் பத்திரமாக வைத்திருப்பது நல்லது.