கைக்கும் கார்க் கண்ணாடிக்கும் உள்ள தூரம்

கார்க் கண்ணாடியை ஏற்றி இறக்குவதற்கும் ஒரு சரித்திரம் இருக்கிறது. கைக்கும் கண்ணாடிக்கும் நடுவே தூரம் கூடிக்கொண்டே போன கதை அது.

முதலில் இருந்தது சுற்றுகிற கைப்பிடி. அம்பாசடரிலும், 1983-ல் வந்த மாருதி 800-லும் அதுதான். கண்ணாடியில் எதாவது சிக்கினால் சுற்றுகிற கைக்கே தெரிந்துவிடும்.

1940-ல் அமெரிக்காவின் பேக்கார்ட் கம்பெனி ஹைட்ராலிக் விசையால் கண்ணாடியை ஏற்றியது. பிறகு அந்த வேலை கதவுக்குள் இருக்கும் சின்ன மின்மோட்டாருக்குப் போனது. கைக்கு மிஞ்சியது ஒரு ஸ்விட்ச். கண்ணாடி எதை நசுக்குகிறது என்று ஸ்விட்சுக்குத் தெரியாதே! குழந்தைகள் கழுத்து மாட்டி இறந்தார்கள். காரில் சாவி போடாமல் கண்ணாடி ஏறக்கூடாது என்ற விதி அமெரிக்காவில் 1971-ல் அமலுக்கு வந்தது.

அடுத்தது ரிமோட். 1898-லேயே நிகோலா டெஸ்லா நியூயார்க்கில் ஒரு சின்னப் படகை ரேடியோவால் இயக்கிக் காட்டினார். கார்க் கதவுப் பூட்டுக்கு ரிமோட் வந்தது 1980-களில்தான். பிறகு கண்ணாடிக்கும் வந்தது. அமெரிக்க விதி அதையும் கட்டிப்போட்டது: தடை பட்டால் தானே திரும்பி இறங்காத கண்ணாடி என்றால், பட்டனை அழுத்திக்கொண்டே இருந்தால்தான் ஏற வேண்டும். அதுவும் 6 மீட்டருக்குள். நடுவில் மறைப்பு இருந்தால் வேலை செய்யாத ரிமோட்டுக்கு மட்டும் 11 மீட்டர். அதாவது, ஏற்றுகிறவர் கண்ணாடியைப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும்.

இப்போது நம் புதுக்கோட்டைக்கு வருவோம். கைப்பிடி வைத்த பழைய கார் பட்டறைக்குள் போய், ரிமோட் கண்ணாடியோடு வெளியே வருகிறது. வயரிங் எளிதுதான். மோட்டாருக்கு இரண்டு ஒயர். ப்ளஸ், மைனஸை மாற்றிக் கொடுத்தால் எதிர்ப்பக்கம் சுற்றும். அதற்கு ஐந்து பின் ரிலே இரண்டு. ஒவ்வொன்றிலும் 30 மோட்டாருக்கு, 87 ஃப்யூஸ் வழியாக பேட்டரி ப்ளஸுக்கு, 87ஏ எர்த்துக்கு. ரிமோட் மாட்யூல் ஒரு ரிலேயை இழுத்தால் ஏறும், மற்றதை இழுத்தால் இறங்கும். இந்த எண்கள்கூட டின் 72552 என்ற ஜெர்மன் தரத்திலிருந்து வந்தவை.

ஆனால் அந்த ஒரு பகலில் எல்லாக் கட்டத்தையும் தாண்டிவிட்ட கார், விதிகள் வந்த கட்டத்தையும் தாண்டிவிடுகிறது. மோட்டார் இழுக்கும் கரன்ட் கூடியதை மட்டும் பார்த்து நிற்கும் மாட்யூலுக்கு, கண்ணாடி மேலே போய் முட்டியதும் ஒன்றுதான், குழந்தையின் விரலில் முட்டியதும் ஒன்றுதான். கம்பெனியே தருகிற நல்ல அமைப்புகள் மோட்டாரின் சுற்றையும் எண்ணி, கண்ணாடி எங்கே நிற்கிறது என்று தெரிந்துகொள்கின்றன. நடுவழியில் தடுத்தால் திரும்பி இறங்கும்.

சித்திரை வெயிலில் நமக்கு வேண்டியதோ, காரில் ஏறும் முன் உள்ளே அடைந்த சூடு வெளியேறுவதுதான். அதற்கு இறக்கும் ரிலே போதும். ஏற்றும் ரிலேயை ரிமோட்டில் இணைக்காமல் ஸ்விட்சுக்கே விட்டுவிடுங்கள் என்று எலக்ட்ரீசியனிடம் சொல்லலாம். ஒரு ஒயர் மிச்சம், ஒரு விரலும் மிச்சம்!