சுவருக்குள் அடைபட்ட வாயு: வன்னியும் நுரை இரசாயனங்களின் மாற்றமும்

வன்னியில் போர் ஓய்ந்தது 2009 மே மாதத்தில். ஓசோன் படையைக் காக்கும் மொன்றியல் உடன்படிக்கையின்படி இலங்கை போன்ற வளர்முக நாடுகள் குளோரோபுளோரோகாபன்களை (சிஎப்சி) கைவிட வேண்டிய நாள் 2010 ஜனவரி 1. இரண்டுக்கும் இடையே எட்டு மாதங்கூட இல்லை. 1990 முதல் பொருளாதாரத் தடையிலும் மின்சாரமின்றியும் நெடுங்காலம் கிடந்த கிளிநொச்சி, முல்லைத்தீவு மக்கள் குளிர்சாதனப் பெட்டிகளைப் பரவலாக வாங்கத் தொடங்கியது போர் முடிந்து ஏ9 வீதி மீளத் திறந்த பின்னர்தான். ஆகவே அங்கே வந்து சேர்ந்தவற்றிற் பெரும்பாலானவை சிஎப்சிக்கு அடுத்த தலைமுறை நுரையைச் சுவரில் கொண்டவை. அரச கட்டுப்பாட்டில் இருந்த வவுனியா நகரின் கதை வேறு. பழைய பெட்டிகளும் அங்கே புழங்கின.

நுரை ஏன் முக்கியம்? ஐசோசயனேற்று, பொலியோல் என்னும் இரு திரவங்கள் கலக்கும்போது எழும் வெப்பத்தில், உடன் சேர்த்த ஊதுபொருள் கொதித்து வாயுவாகிறது. அது மூடிய நுண்ணறைகளில் சிறைப்பட்டு வெப்பத்தைத் தடுக்கிறது. 24 பாகை செல்சியசில் கொதிக்கும் சிஎப்சி-11 இதற்கு வெகுவாகப் பொருந்தியது. பழைய பெட்டியொன்றின் குழாய்களில் ஓடிய வாயுவைவிட அதன் சுவர் நுரையில் அடைபட்டிருந்த வாயுவே அதிகம். பழுதுபார்ப்பவரின் கண்ணுக்கு முதலாவது தெரியும், இரண்டாவது தெரியாது.

சிஎப்சி-11 இன் இடத்துக்கு வந்த எச்சிஎப்சி-141பி (ஐதரோகுளோரோபுளோரோகாபன்) ஓசோனைக் குறைக்கும் ஆற்றலில் அதன் ஒன்பதில் ஒரு பங்கு அளவே கொண்டது. ஆனாலும் பூச்சியம் அல்ல. சைக்ளோபென்ரேனுக்கு அந்த ஆற்றலே இல்லை. ஆனால் அது தீப்பற்றும். அதற்குத் தேவையான வாயு உணரிகள், காற்றோட்டம், நிலத்தொடுப்பு எல்லாம் பெரிய தொழிற்சாலைக்குக் கட்டுப்படியாகும். கையால் நுரை ஊற்றும் சிறு பட்டறைக்கு ஆகாது. 141பி நெடுங்காலம் பிழைத்தது இதனாலேயே. இந்தியா அதன் இறக்குமதி அனுமதிகளை 2020 ஜனவரி 1 முதல் நிறுத்தியது.

முல்லைத்தீவுக் கரையில் மீனுக்கு ஐஸ் போடும் றெஜிபோம் பெட்டியை இந்தப் பொலியூரித்தேன் நுரையுடன் குழப்பலாகாது. அது பென்ரேனால் ஊதப்பட்ட பொலிஸ்ரைரின் மணிகளால் ஆனது; ஓசோனுக்குத் தீங்கில்லை. பைபர் கிளாஸ் படகுகள் மிதப்பதற்காக உள்ளே ஊற்றப்படும் பொலியூரித்தேன் நுரையையே கவனிக்க வேண்டும். அந்த நுரைக்கான பொலியோல், ஊதுபொருள் முன்னரே கலந்த பீப்பாய்களாகவும் இறக்குமதியாகும். அவ்வாறு கலந்திருக்கும் எச்சிஎப்சி இறக்குமதி செய்யும் நாட்டின் நுகர்வுக் கணக்கிற் சேராது. பீப்பாயின் லேபலில் உள்ளடக்கம் எழுதப்படாவிட்டால் படகு கட்டுபவருக்கும் சுங்க அதிகாரிக்கும் அது தெரிய வழியில்லை.

இவ்வளவு சிறு அளவுக்கு இத்தனை கவலையா என்று கேட்கலாம். 2018 இல் விஞ்ஞானிகள் ஓர் எதிர்பாராத உண்மையை வெளியிட்டனர்: முற்றாகத் தடைசெய்யப்பட்ட சிஎப்சி-11 இன் வெளியேற்றம் 2012 இற்குப் பின் மீண்டும் ஏறியிருந்தது. அடுத்த ஆண்டு கிழக்குச் சீனாவின் சாண்டோங், ஹெபெய் பகுதிகளில் ஆண்டுக்கு ஏறத்தாழ 7,000 தொன் அதிகரிப்புக் கண்டறியப்பட்டது. சந்தேகம் சென்றது நுரைத் தொழில் மீதே. சிறு பட்டறைகளைக் கணக்கில் எடுக்காத எந்தத் தடையும் பாதித் தடையே என்பதற்கு இதைவிட வலுவான சான்று வேண்டியதில்லை.

உடன்படிக்கை கட்டுப்படுத்துவது உற்பத்தியையும் நுகர்வையுமே. ஏற்கனவே சுவருக்குள் அடைபட்ட வாயுவை அல்ல. போருக்குப் பின்னரான முதல் ஆண்டுகளில் வாங்கிய பெட்டிகள் இப்போது பழைய இரும்பு வியாபாரியிடம் போகும் வயதை எட்டுகின்றன. இரும்பும் செம்பும் விலைபோகும், நுரை விலைபோகாது. உடைத்தால் வாயு வெளியேறும். திறந்தவெளியில் எரித்தால் ஐதரசன் சயனைட்டும் அமில வாயுக்களும் எழும். அதை முதலில் சுவாசிப்பவர் அந்தத் தொழிலாளியே.

எனவே வன்னியில் மாற்றம் தொடங்க வேண்டிய இடம் பெட்டி உடைபடும் இடம். பிரதேச சபைகள் பழைய பெட்டிகளை உடைக்காமல் முழுதாகச் சேகரித்து, உரிய முறையில் அழிக்கும் நிலையத்துக்கு அனுப்ப ஒழுங்கு செய்ய வேண்டும். வளர்முக நாடுகள் எச்சிஎப்சி நுகர்வை 97.5 வீதத்தால் குறைக்க வேண்டிய ஆண்டு 2030. கிளிநொச்சியின் முதல் தலைமுறைப் பெட்டிகளிற் பல அதற்கு முன்னரே உடைக்கப்பட்டுவிடும்.