சண்டிகர் நாற்காலியும் எழுதப்படாத பெயர்களும்

பணக்காரர்கள் தங்கள் வரவேற்பறையில் எந்த நாற்காலியைப் போட்டால் நமக்கென்ன என்று கேட்கலாம். அந்த நாற்காலி நம் நாட்டு அரசு அலுவலகத்தில் கிடந்தது, அதை நம் நாட்டுத் தொழிலாளர்கள் செய்தார்கள், ஆனால் அவர்கள் பெயர் எங்கும் இல்லை என்றால், கேட்க வேண்டிய கேள்விகள் நமக்கு நிறையவே இருக்கின்றன.

பாரிஸ், லண்டன், நியூயார்க் நகரங்களில் வீட்டுக்காக நவீன மேசை நாற்காலிகளையும் விளக்குகளையும் தேடிச் சேகரிப்பவர்களிடம் 'சண்டிகர் நாற்காலி'க்குத் தனி மதிப்பு உண்டு. தேக்குச் சட்டம், கவராயம் போல விரிந்த கால்கள், பிரம்பு பின்னிய இருக்கை. ஏலத்தில் பல லட்சம் ரூபாய்க்குப் போகிறது. இதன் வரலாறு 1947இல் தொடங்குகிறது.

பிரிவினையில் லாகூர் பாகிஸ்தானுக்குப் போனது. இந்தியப் பஞ்சாபுக்குத் தலைநகர் இல்லை. வயல்களையும் கிராமங்களையும் கையகப்படுத்திப் புது நகரம் எழுப்ப முடிவானது. நகரை வடிவமைக்க லெ கொர்பூசியே அழைக்கப்பட்டார். அவருடைய ஒன்றுவிட்ட சகோதரர் பியர் ஜான்னரே 1951 முதல் 1965 வரை சண்டிகரிலேயே தங்கி வேலையை நடத்தினார். செயலகம், உயர்நீதிமன்றம், பல்கலைக்கழகம், விடுதிகள் எல்லாவற்றுக்கும் ஆயிரக்கணக்கில் மேசை நாற்காலிகள் தேவைப்பட்டன. ஜான்னரேயும் அவருடன் இருந்த இந்தியக் கட்டடக் கலைஞர்களும் வரைந்து கொடுத்தார்கள். உள்ளூர்ப் பட்டறைகளில் தச்சர்கள் இழைத்தார்கள். பிரம்பு வேலை தெரிந்தவர்கள் பின்னினார்கள்.

நகரத் திட்டத்திலேயே படிநிலை இருந்தது. அரசு ஊழியர்களுக்கான வீடுகள் முதலமைச்சர் முதல் பியூன் வரை 13 வகையாகத் தரம் பிரிக்கப்பட்டன. நகரைக் கட்டிய கூலித் தொழிலாளர்கள் அந்த 13 வகையிலும் வரவில்லை. தலையில் கான்கிரீட் சுமந்த பெண்களும் ஆண்களும் 'தற்காலிக' குடிசைகளில் தங்கினார்கள். மது சரின் 1982இல் வெளியிட்ட நூல் இந்தப் புறக்கணிப்பை விரிவாகப் பதிவு செய்திருக்கிறது.

நாற்பது ஆண்டுகள் கழிந்தன. பிரம்பு அறுந்தது, கால் ஆடியது. அலுவலகங்களுக்கு இரும்பு, பிளாஸ்டிக் நாற்காலிகள் வந்தன. பழையவை மொட்டை மாடிகளில் குவிந்தன. கழிவுப் பொருளாக அரசே ஏலம் விட்டது. 1990களின் இறுதியிலிருந்து எரிக் தூஷலோம் போன்ற பிரெஞ்சு வணிகர்கள் வந்து அவற்றை வாங்கினார்கள். புதுப்பித்து, பெயர் சூட்டி, பட்டியல் நூல் அச்சிட்டு, உலகச் சந்தையில் விற்றார்கள். ஏமி சீகல் என்ற அமெரிக்கக் கலைஞர் இந்தப் பயணத்தைப் பணக்கார வீடுகளிலிருந்து சண்டிகர் வரை பின்னோக்கிப் படமாக்கினார். 2013இல் அந்தப் படமே லண்டனில் ஏலம் போனது.

தேர்ந்த சேகரிப்பாளர் வாங்கும்முன் பொருளின் பூர்வீகத்தை விசாரிப்பார். சண்டிகர் நாற்காலியின் முதுகில் எந்த அலுவலகம், எந்தத் துறை என்று பெயின்டில் எழுதிய எழுத்துகள் இருக்கும். சரக்குக் கணக்குக்காக அப்போது எழுதியது அது. இன்று அதுதான் அசல் என்பதற்குச் சாட்சி. அதனால் விலை கூடுகிறது. ஜான்னரே பெயர் இருக்கிறது, அலுவலகத்தின் பெயர் இருக்கிறது, வணிகர் பெயர் இருக்கிறது. இழைத்தவர், பின்னியவர் பெயர் மட்டும் இல்லை. ஜான்னரேயுடன் சேர்ந்து வடிவமைத்த யூலி சௌத்ரி என்ற பெண் கட்டடக் கலைஞரின் பெயரே பல விற்பனைகளில் விடுபட்டுப்போகிறது. படித்த, பதவியில் இருந்த பெண்ணுக்கே இந்த நிலை என்றால், கூலிக்குப் பிரம்பு பின்னியவருக்கு என்ன கிடைக்கும்?

இது தற்செயலான மறதி இல்லை. வரைபவர் 'கலைஞர்', செய்பவர் 'கூலி' என்ற பிரிவு உலகெங்கும் உண்டு. நம் நாட்டில் அது பிறப்போடு சேர்த்துக் கட்டப்பட்டிருக்கிறது. சாதி வேலையை மட்டும் பிரிப்பதில்லை, வேலை செய்பவர்களையே பிரிக்கிறது என்று அம்பேத்கர் 1936இல் எழுதினார். மூங்கிலையும் பிரம்பையும் முடைவது வட இந்தியாவில் பாசோர், பான்ஸ்போர், டோம் போன்ற பட்டியல் சாதிகளின் தொழிலாகவே வைக்கப்பட்டது. முடைந்த கூடை எல்லா வீட்டுக்குள்ளும் போனது. முடைந்தவர் வாசலிலேயே நிறுத்தப்பட்டார்.

நாற்காலியில் உட்காருவதும் நமக்குச் சின்ன விஷயமாக இருந்ததில்லை. சிறுவன் பீமராவ் பள்ளியில் உட்காரக் கோணியை வீட்டிலிருந்தே கொண்டுபோக வேண்டியிருந்தது. 2020இல் கடலூர் மாவட்டம் தெற்குத்திட்டை ஊராட்சியின் தலித் பெண் தலைவர் கூட்டத்தில் தரையில் உட்கார வைக்கப்பட்ட படம் வெளிவந்தது. மற்றவர்கள் நாற்காலியில் இருந்தார்கள். நாற்காலி வெறும் மரச் சாமான் இல்லை என்பதை நமக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

அரசு விழித்தது 2011இல். நூறாண்டு ஆகாத பொருள் என்பதால் 1972ஆம் ஆண்டின் தொல்பொருள் சட்டம் இவற்றைக் காக்கவில்லை. எனவே இனி விற்கக் கூடாது என்று உள்துறை அமைச்சகம் உத்தரவிட்டது. 12,793 பொருட்கள் பாரம்பரியச் சொத்தாகக் கணக்கெடுக்கப்பட்டன. நல்ல வேலைதான். ஆனால் வணிகருக்கும் அரசுக்கும் நடக்கும் இந்தச் சண்டை யார் உரிமையாளர் என்பதைப் பற்றியது. யார் செய்தார்கள் என்பதை இரண்டு தரப்பும் பேசுவதில்லை.

அதே நகரத்தில் உழைப்பாளிகளின் குடியிருப்புகளுக்கும் எண்கள் உண்டு. பல பத்தாண்டுகளாக இருந்த நான்காம் எண் காலனி 2022 மே 1 அன்று இடித்துத் தள்ளப்பட்டது. தொழிலாளர் தினத்தன்று! உடைந்த நாற்காலிக்குக் கிடைத்த பாதுகாப்பு, தொழிலாளியின் வீட்டுக்குக் கிடைக்கவில்லை.

இன்று இத்தாலிய நிறுவனம் ஒன்று இந்த நாற்காலியை மறுபடி தயாரித்து விற்கிறது. பெங்களூருவிலும் ஒரு நிறுவனம் செய்கிறது. லெ கொர்பூசியேவின் கான்கிரீட் விளக்கும் வீட்டு விளக்காக மறுபிறவி எடுத்திருக்கிறது. சந்தை இன்னும் வளரும். அழகான பொருளை விரும்புவது குற்றம் என்று நாம் சொல்லவில்லை. நல்ல நாற்காலி நம் வீட்டுக்கும் வேண்டும்.

நாம் கேட்பது இதுதான். மறுதயாரிப்பு செய்யும் நிறுவனங்கள் தச்சர், பிரம்புத் தொழிலாளர் பெயர்களை வடிவமைப்பாளர் பெயரோடு சேர்த்து எழுதட்டும். லாபத்தில் பங்கு கொடுக்கட்டும். பழைய பட்டறைகளில் வேலை செய்தவர்களையும் அவர்களின் குடும்பங்களையும் தேடி அவர்கள் சொல்வதைச் சண்டிகர் நிர்வாகம் பதிவு செய்யட்டும். அந்தத் தலைமுறையில் மிச்சமிருப்பவர்கள் இன்று முதியவர்கள். காத்திருக்க நேரமில்லை.